கை வாரம்

தாராவியில் எங்கள் சந்தின் முனையிலிருந்த சங்க ஹாலின் தெற்குச் சுவரில், ஒரு வெள்ளிக்கிழமை எல்.கே.ஜி. பிள்ளைகள் பதினெட்டுப் பேர் பதித்த கைத்தடங்களில் பதினேழு நான்கு வயதிலேயே நின்றுவிட்டன; மெஹக்குடையது மட்டும் வருஷா வருஷம் வளர்ந்தது. அந்தக் கையைப் பதித்து இரண்டு வாரம் ஆவதற்குள் மெஹக் இறந்துபோனாள் என்பதால் இதில் கொஞ்சம் குழப்பம் இருந்தது. ஆனால் எங்கள் சந்தில் குழாயில் தண்ணீர் வருவது காலையில் ஒரு மணி நேரம். எந்தக் குழப்பமாக இருந்தாலும் தண்ணீர் பிடித்து முடித்த பிறகுதான் அதைப் பற்றி யோசிப்போம். அதற்குள் பெரும்பாலும் அது பழகிப்போயிருக்கும்.

சங்க ஹால் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மாலையில் கேரம் போர்டு, ஞாயிற்றுக்கிழமை யாருக்காவது நிச்சயதார்த்தம், மழை கூடிப்போனால் தண்ணீர் புகுந்த வீட்டுக்காரர்களின் பீரோக்கள், இவற்றுக்கு நடுவில் காலை நேரம் மட்டும் அது பள்ளிக்கூடம். விஜயலக்ஷ்மி டீச்சர் மாட்டுங்காவிலிருந்து வருவார். கிங்ஸ் சர்க்கிளில் பஸ் ஏறி, எங்கள் சந்து முனையில் புடவையை ஒரு சாண் தூக்கிப் பிடித்து, சாக்கடையைத் தாண்டி உள்ளே வந்ததும் புடவையை விடுவார். அந்தப் புடவை கீழே இறங்கியதும் வகுப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அவருக்கு உதவியாக முருகம்மாள் என்கிற ஆயா இருந்தாள். விடிகாலையில் இட்லிக் கூடையைத் தலையில் வைத்து விற்றுவிட்டு, அதே தலைக்கு எண்ணெய் தேய்த்துப் பின்னிக்கொண்டு பள்ளிக்கு வருகிறவள். டீச்சருக்கு ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு விஷயம் வேண்டும். தண்ணீர் வாரம், பறவை வாரம், வண்டி வாரம். ஜூலையில், மழை நன்றாகப் பிடித்து யாரும் வெளியே விளையாட முடியாத சமயத்தில், கை வாரம்.

திங்கட்கிழமை விரல்களின் பெயர். செவ்வாய்க்கிழமை கை கழுவுதல். எங்கள் சந்தில் அதற்கான தண்ணீரை முருகம்மாள் தன் வீட்டு டிரம்மிலிருந்து கொண்டுவருவாள். புதன்கிழமை விரல்விட்டு எண்ணுதல். வியாழக்கிழமை, கைகள் என்னென்ன செய்யும் என்று காட்டுவதற்குப் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது தங்கள் வேலையோடு வருவார்கள். வெள்ளிக்கிழமை, சாப்பிடுகிற கையைக் கலரில் தோய்த்துச் சுவரில் பதித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இப்படி ஐந்து நாளில் ஒரு கையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் தெரிந்துவிடும் என்று டீச்சர் நம்பினார்.

மெஹக் இருந்த வருஷம், வியாழக்கிழமைக்கு அவளுடைய வாப்பா காசிம் வந்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தவன். பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து ஒரு சின்ன பர்ஸை வெட்டி, தைத்து, அதன் ஓரத்துக்குச் சாயம் பூசிக் காட்டினான். மெஹக் அவன் முதுகில் சாய்ந்துகொண்டு, இந்த ஆளை எனக்குத் தெரியும் என்கிற முகத்தோடு நின்றாள். மறுநாள் கலர் பாட்டில்களைத் திறந்தால் எல்லாம் கல்லாகியிருந்தன. சங்கச் செயலாளர் பிரம்மநாயகம் அவற்றைத் தள்ளுபடியில் வாங்கியிருந்தார். அவர் தள்ளுபடி இல்லாமல் வாங்கிய ஒரே பொருள் அவருடைய மூக்குக் கண்ணாடி. முருகம்மாள் காசிமின் பட்டறைக்கு ஓடினாள். அங்கே வேறொருவன் இருந்தால் கலர் இல்லை என்று சொல்லியிருப்பான். காசிம் தரத்தில் சமரசம் தெரியாதவன். சிவப்பு கலந்த பழுப்பு நிறத் தோல் சாயத்தை ஒரு டின் நிறைய எடுத்துக்கொண்டு அவனே வந்துவிட்டான்.

"அந்த பாட்டில் கலரெல்லாம் ரெண்டு நாள்ல உதிர்ந்துபோவும் டீச்சர். இது ஒரிஜினல் சரக்கு. பத்து வருசம் கேரண்டி."

"கொழந்தைகள் கையிலேர்ந்து போயிடுமோல்லியோ?" என்று டீச்சர் கேட்டார்.

காசிமிடம் அதுவரை யாரும் சாயம் போகுமா என்று ஆசையாகக் கேட்டதில்லை. போகாதே என்றுதான் கேட்டிருக்கிறார்கள். பழக்க தோஷத்தில், "கவலையே படாதீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டான்.

சனிக்கிழமை காலையில் பட்டறை வாசலில் ஒரே கூட்டம். ஒவ்வொரு அம்மாவும் ஒரு பிள்ளையின் உள்ளங்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எலுமிச்சம்பழம், தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுப் பார்த்தாகிவிட்டது. "ஏன் பாய், பிள்ளைகளையும் பையின்னு நெனச்சீரா?" என்று முருகம்மாள் கேட்டாள். காசிம் தன் தொழிலில் உள்ள ஒரு வழியைச் சொன்னான். தோலில் வேண்டாத இடத்தில் சாயம் பட்டுக் காய்ந்துவிட்டால், அதன் மேலேயே அதே சாயத்தைப் புதிதாகத் தடவி, ஈரம் ஆறுவதற்குள் ஒத்தி எடுக்க வேண்டும். "புதுசு போயி பழசக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்துரும்" என்றான். இன்னொரு தடவை பூச வேண்டும் என்ற சொல்லைக் கேட்டதுமே அம்மாக்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தன் மகளுக்காவது செய்யலாம் என்று மெஹக்கைக் கூப்பிட்டான். அவள் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "இது மருதாணி வாப்பா" என்றாள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் புதுச் செருப்பு வாங்க மாட்டுங்காவுக்கு பஸ்ஸில் கூட்டிப்போனான். பஸ்ஸில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் உள்ளங்கையைக் காட்டினாள். கண்டக்டருக்கும் காட்டி, எனக்கும் ஒரு டிக்கெட் கொடு என்று அதே கையை நீட்டினாள். சின்னப் பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது என்று அவர் சொன்னதும் அழ ஆரம்பித்தாள். இறங்கும்வரை அழுதாள். "பெரியவளானதும் வாப்பா ஒனக்குத் தனி டிக்கெட் எடுத்துத் தாரேன்" என்று காசிம் சொன்னான். சமாதானத்துக்குச் சொன்னதுதான். அடுத்த நாள் மாலையில் அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. அந்த மழையில் எங்கள் சந்தில் பாதிப் பேருக்கு அடித்த அதே காய்ச்சல்தான். அவர்கள் எல்லோரும் எழுந்து வேலைக்குப் போய்விட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் டெங்கு என்று சொல்லி, செய்யவேண்டியதைச் செய்தார்கள். அதற்கடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை விடியும்போது அவள் இல்லை. குளிப்பாட்டிய பெண்கள் வலது உள்ளங்கையைத் தேய்த்துப் பார்த்தார்கள். நிறம் போகவில்லை. அவர்களில் மூத்தவள், "மருதாணி மாதிரிதானே, பிள்ளை ஆசையா வச்சிருந்தது, அப்படியே போவட்டும்" என்றாள். அப்படியே வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனார்கள். புதுச் செருப்பை அவள் அம்மா மெஹராஜ் பெட்டியிலிருந்து எடுக்கவேயில்லை.

டாக்டர் சொன்னது கொசு. காசிமின் மனசு சொன்னது டின். சாயம் கை வழியாக உள்ளே போய்விட்டது என்றும், தன்னால் எடுக்க முடிந்ததை எடுக்காமல் விட்டோம் என்றும் அவன் ஒரே ஒரு தடவை பட்டறையில் சொன்னான். மற்ற பதினேழு பிள்ளைகளும் அதே கையோடு சந்தில் ஓடிக்கொண்டிருப்பதை ஜம்பு என்கிற வேலையாள் எடுத்துக் காட்டினான். காசிம் அவனை உள்ளே போகச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அந்தப் பட்டறையில் கறுப்புப் பை மட்டும்தான் தைத்தார்கள். டின்னை பெஞ்சுக்கு அடியில் மூலையில் தள்ளி வைத்தான். எறியவும் இல்லை. சங்க ஹால் பக்கம் அவன் காலெடுத்து வைக்கவில்லை. கேரம் விளையாட்டில் சந்திலேயே கெட்டிக்காரன் அவன்தான். அந்தப் பெருமை அதன்பின் பிரம்மநாயகத்துக்குப் போனது. இரண்டு பேருக்குமே அதில் சந்தோஷமில்லை.

அடுத்த ஜூலையில் கை வாரம் வந்தது. திங்கட்கிழமை, சுவரில் இருக்கிற கைகளோடு உங்கள் கையை வைத்துப் பாருங்கள் என்று டீச்சர் சொன்னார். எல்லோரும் தங்கள் கை பெரிது என்று கத்திக்கொண்டிருக்கையில் ஒரு பையன் மட்டும், "இந்தக் கை என்னைவிடப் பெருசு டீச்சர்" என்றான். டீச்சர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு முருகம்மாளைப் பார்த்தார். முருகம்மாள் போய் மெஹராஜைக் கூட்டிவந்தாள். மெஹராஜ் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள். சுவரில் தன் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். "ஒரு சுத்து பெருத்திருக்கா" என்றாள். கறிவேப்பிலை விலை சொல்கிற குரல்தான். அடுப்பில் வைத்தது தீய்ந்துபோன வாசனை சந்து முழுவதும் வந்தது.

அதற்குப் பிறகு வருஷங்கள் எங்கள் சந்தில் போகிற மாதிரிதான் போயின, யாரையும் கேட்காமல். பிரம்மநாயகம் ஒருமுறை சுவருக்கு வெள்ளையடித்தார். முதல் மழையிலேயே பதினெட்டுக் கைகளும் வெள்ளைக்கு மேலே வந்துவிட்டன. காசிமின் சரக்கு அப்படி. பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து பார்த்தார், பிள்ளையார் கோயில் பூசாரியும் வந்து பார்த்தார். இருவரும் தங்கள் கருத்தைத் தள்ளிவைத்தார்கள். யாரோ ஊதுபத்தி கொளுத்திவைத்தார்கள், யாரோ குங்குமம் வைத்தார்கள். டீச்சர் இரண்டையும் துடைத்துவிட்டு, "இது க்ளாஸ் ரூம். இவ என் ஸ்டூடன்ட். ஆத்துல வெச்சுக்கோங்கோ உங்க பக்தியெல்லாம்" என்றார். மராத்தி டி.வி. சேனலிலிருந்து ஒருவர் கேமராவோடு வந்து, கை ஏதாவது செய்யுமா, ஆட்டுமா என்று கேட்டார். வளரும் என்றார்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்றார். ஒரு வருஷம் என்றதும் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மெஹராஜ் தினம் வந்தாள். அவளுக்கு வேறு பிள்ளையும் பிறக்கவில்லை. பிள்ளைகள் வருவதற்கு முன்னால் ஹாலைப் பெருக்கித் தருகிறேன் என்று சொல்லி, பெருக்கி முடித்து, சுவரில் கையை வைத்துவிட்டுப் போவாள். மகளின் வாழ்க்கையை அவள் அந்த உள்ளங்கை அளவில் படித்தாள். ஏழு வயதில் ஆள்காட்டி விரலில் ஒரு கீறல். மெஹராஜ் பதறிப்போய்ச் சுவரில் பிளாஸ்திரி ஒட்டினாள். ஆறிவிட்டது. நோன்புப் பெருநாள் காலையில் முருகம்மாள் கதவைத் திறந்தால் கை முழுக்க மருதாணிக் கோலம் இருக்கும். அங்கே யார் வைத்துவிடுகிறார்கள் என்று மெஹராஜுக்குக் கொஞ்சம் பொறாமை. பதினோரு வயதில் கட்டைவிரல் அடியில் சின்னத் தீக்காயம். "சமைக்கப் படிக்கா" என்று நாலு வீட்டில் சொன்னாள். பெருந்தொற்று வந்து வகுப்பு இரண்டு வருஷம் மூடிக்கிடந்தபோது அந்த ஹாலில் ஒழுங்காக இருந்த ஒரே மாணவி மெஹக்தான்; திறந்து பார்த்தபோது ஒரேயடியாக வளர்ந்திருந்தாள். அதன்பின் நடுவிரலில் பேனா பிடித்த பள்ளம் தெரிந்தது. அந்த வருஷம் பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று அவள் பாஸா இல்லையா என்று சந்தில் பெரிய வாக்குவாதம். கை நடுங்காமல் இருப்பதைச் சுட்டிக்காட்டி, பாஸ்தான் என்று பிரம்மநாயகம் தீர்ப்புச் சொல்லி, எல்லோருக்கும் பேடா கொடுத்தார். தள்ளுபடி இல்லாமல் அவர் வாங்கிய இரண்டாவது பொருள் அது.

பிள்ளைகளுக்கு அது ஆரம்பத்தில் மெஹக். பிறகு மெஹக் தீதி, அதாவது அக்கா. பெரிது, சிறிது என்ற பாடத்துக்குப் பெரிது அவள்தான்.

காசிமிடம் மட்டும் இதையெல்லாம் யாரும் பேச முடியாது. சாப்பிடும்போது மெஹராஜ் தொடங்கினால் டி.வி. சத்தத்தைக் கூட்டுவான். ஒவ்வொரு ஜூலையிலும் வியாழக்கிழமைக்கு டீச்சர் அவனுக்குச் சொல்லி அனுப்புவார். ஒவ்வொரு ஜூலையிலும் அவன் ஜம்புவை அனுப்புவான். ஜம்பு பர்ஸ் தைத்துக் காட்டிவிட்டு, போகும்போது சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு, பட்டறைக்குப் போய் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்துகொள்வான். காசிமும் எதுவும் கேட்கமாட்டான்.

இந்த வருஷம் மழை தொடங்கியதும் ஹாலும் அதையொட்டிய வீட்டு வரிசையும் நிற்கிற நிலையில் இல்லை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அதில் பொய்யொன்றும் இல்லை. மாடிப்படியில் ஒருவர் ஏறும்போது இன்னொருவர் காத்திருக்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை இடிப்பு. அதே வரிசையிலிருந்த காசிமும் மெஹராஜும் கோவண்டியில் ஒரு வாடகை வீடு பார்த்தார்கள். அந்த சனிக்கிழமையோடு முடிகிற வாரம்தான் கை வாரம். டீச்சர் வேறு வாரத்தை மாற்றிப் போட்டிருக்கலாம், போடவில்லை. கொத்தனார் ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, வெட்டி எடுத்தால் மணலாகக் கொட்டிவிடும் என்றார். பிரம்மநாயகம் தன் புது மொபைலில் நல்ல போட்டோவாக எடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தருவதாகச் சொன்னார், முழு விலையில்.

"போட்டோவுல வளருமா அண்ணாச்சி?" என்று மெஹராஜ் கேட்டாள்.

அவர் மொபைலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை பிள்ளைகள் விரல்களின் பெயர் சொன்னார்கள். ஷைஸ்தா என்கிற பொடிப்பெண் சுவரில் கையை வைத்துவிட்டு, "தீதி கை சூடா இருக்கு டீச்சர்" என்றாள். இருக்கும், மழையோல்லியோ, போர்த்திண்டிருப்பா என்றார் டீச்சர். செவ்வாய்க்கிழமை கை கழுவிக்கொண்டார்கள். மெஹராஜ் ஈரத்துணியால் சுவரையும் துடைத்துவிட்டாள், நகக்கண்களை மட்டும் இரண்டு தடவை. புதன்கிழமை விரல்விட்டு எண்ணினார்கள். எண்ணும்போது ஒவ்வொரு பிள்ளையும் சுவருக்குப் போய் அந்த ஐந்தையும் சேர்த்து எண்ணிவிட்டு வந்தது. அன்று பொழுது சாய்ந்ததும் மெஹராஜ் வீட்டில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே, காசிமைப் பார்க்காமல் சொன்னாள்.

"சனிக்கிழமை அவள இடிக்காங்க. நாளைக்கு வியாழன். இந்தத் தடவ ஜம்புவ அனுப்பாதீங்க."

டி.வி. ஏற்கெனவே டெம்போவில் போயிருந்தது. கூட்டுவதற்குச் சத்தம் எதுவும் இல்லாததால் காசிம் எழுந்து வெளியே போனான்.

வியாழக்கிழமை அவன் வந்தான். நரைத்துப்போன தாடியும், தோல் வெட்டுகிற கத்தியும், கொஞ்சம் கறுப்புத் தோலும். தெற்குச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். வெட்டினான், தைத்தான், ஓரத்துக்குக் கறுப்புச் சாயம் தடவினான். ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிள்ளைகளும் அதை வேலையின் ஒரு பகுதி என்று நினைத்துச் சத்தமில்லாமல் பார்த்தார்கள். முடிக்கும் சமயத்தில் ஷைஸ்தா அவன் கையைப் புரட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், தும்ஹாரா ஹாத் ஏன் கறுப்பு?"

"சாயம்மா. போவாது."

"மெஹக் தீதிக்கும் போவாது." கொஞ்சம் யோசித்து, "உன் சின்ன விரல் கோணல். தீதிக்கும் கோணல். பாரு" என்று அவன் தலையைப் பிடித்துத் திருப்பினாள்.

நான்கு வயதுக் கையில் அது தெரிந்திருக்க நியாயமில்லை. வளர்ந்த கையில் நன்றாகத் தெரிந்தது. சுண்டுவிரலின் கடைசிக் கணு உள்பக்கமாக வளைந்து, பக்கத்து விரல்மேல் சாய்ந்திருந்தது. காசிமுக்கும் அப்படித்தான், அவனுடைய வாப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது. ஊசியைப் பிடிக்க அது தோதாக இருக்கும் என்று அந்தக் குடும்பத்தில் சொல்லிக்கொள்வார்கள். காசிம் எழுந்து சுவருக்குப் போனான். தொடவில்லை. மூக்கு படுகிற தூரத்தில் நின்று, தீக்காயத்தைப் பார்த்தான், பேனாப் பள்ளத்தைப் பார்த்தான், கீறல் ஆறிய வடுவைப் பார்த்தான். பக்கத்தில் மெஹராஜ் துடைப்பத்தோடு நின்றாள்.

"இவ்வளவு வளந்துட்டாளே" என்றான். பிறகு, "நீ ஏன் சொல்லல" என்றான்.

மெஹராஜ் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவைத்தாள். முருகம்மாள்தான், "சொன்னா டி.வி. சத்தத்துல ஒமக்கு எங்க கேக்கும்" என்றாள். சொல்லிவிட்டு அவளே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அன்று பகல் முழுவதும் பட்டறையில் தட்டுகிற சத்தம் கேட்டது. பெஞ்சுக்கு அடியிலிருந்த டின்னைக் காசிம் எடுத்திருந்தான். உள்ளே சாயம் கல்லாக உறைந்திருந்தது. அதை உளியால் பெயர்த்து, இடித்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, புதிதாகக் கொஞ்சம் சேர்த்துக் கலக்கினான். ஒரு துண்டுத் தோலில் தடவிப் பார்ப்பான்; தலையை ஆட்டிவிட்டு இன்னும் கலக்குவான். பட்டறையில் கறுப்பைத் தவிர வேறு நிறத்தைப் பல வருஷங்களாகப் பார்த்திராத ஜம்பு, பக்கத்தில் நின்று அந்தத் துண்டுகளைக் காயவைத்தான்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்கு டீச்சர் கழுவினால் போகிற கலரைத்தான் கொடுத்தார். அந்தப் பழைய சனிக்கிழமைக்குப் பிறகு அவர் கலரை முதலில் தன் கையில் தடவிக் கழுவிப் பார்க்காமல் யாருக்கும் கொடுத்ததில்லை. மறுநாள் இடியப்போகிற சுவர் என்பதால் எங்கு வேண்டுமானாலும் பதிக்கலாம் என்று சொல்லிவிட்டார். நீலமும் பச்சையுமாகச் சுவர் நிறைந்தது. மெஹக்கின் கையைச் சுற்றி மட்டும் பிள்ளைகள் தாங்களாகவே இடம் விட்டிருந்தார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு காசிம் ஜும்ஆ தொழுதுவிட்டு நேரே வந்தான். ஒரு கையில் டின், ஒரு கையில் பையின் ஓரத்துக்குச் சாயம் பூசுகிற மெல்லிய பிரஷ்.

"கையக் காட்டு" என்றான் மெஹராஜிடம்.

அவள் நீட்டினாள். காசிம் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, அந்த உள்ளங்கையை மடியில் வைத்துக்கொண்டு, விரல் விரலாகப் பூசினான். அவன் பை ஓரத்துக்குப் பூசும்போது நூல் அளவு தாண்டமாட்டான், இப்போதும் தாண்டவில்லை. அவன் கண்ணிலிருந்து விழுந்தது மட்டும் அங்கங்கே சாயத்தில் கலந்தது. ஸ்பிரிட் சாயத்தில் தண்ணீர் பட்டால் திட்டுத்திட்டாக நிற்கும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. துடைக்கவில்லை.

"ஆறுறதுக்குள்ள வையி. அழுத்தாத, ஒத்து. புதுசு போயி பழசக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வரும்."

மெஹராஜ் வைத்தாள். விரல் விரலோடு சரியாகப் பொருந்தியது. மகளின் நடுவிரல் கொஞ்சம் நீளம். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் பையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஹால் முழுக்க ஸ்பிரிட் வாசனை. வெளியே மழை விழுந்துகொண்டிருந்தது. யாரும் மணி பார்க்கவில்லை. மெஹராஜ் கையை எடுத்தபோது சுவரில் அந்த இடம் வெறும் சுண்ணாம்பாக, வெள்ளையடித்த அன்று இருந்த மாதிரி இருந்தது. அவள் தன் கையைத் திருப்பிப் பார்க்கவில்லை. விரல்களைப் பாதி மடக்கி, உடம்பிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றாள்.

"வந்துட்டாளா?" என்று காசிம் கேட்டான்.

"மெதுவாப் பேசுங்க. எறுக்கிப் பிடிச்சிருக்கா. புது எடம்னு பயப்படுதா."

டீச்சர் எழுந்தார். அந்தப் பக்கம் வந்து, மெஹராஜின் தோளுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பெரிய பெண்ணின் கன்னம் இருக்கக்கூடிய உயரத்தில் கையைத் தூக்கி லேசாகத் தட்டினார். "சமத்தா இருக்கணும், என்ன" என்றார். எல்.கே.ஜி.யிலிருந்து யாரை அனுப்பினாலும் அவர் சொல்வது அவ்வளவுதான். பிறகு ஹாலைப் பூட்டி, பழக்கத்தில் சாவியை முருகம்மாளிடம் கொடுத்தார். மறுநாள் கதவே இருக்காது என்பது இருவருக்கும் பிறகுதான் நினைவு வந்தது.

சனிக்கிழமை சுவர் விழுந்தது. பதினேழு கைகளும் முந்தைய நாளின் பச்சை நீலக் கைகளும் சேர்ந்து விழுந்தன. அந்தப் பதினேழு பேரில் இரண்டு பேர் அன்று வேலைக்குப் போகிற வழியில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு இப்போது மீசை இருக்கிறது. சாமான்கள் டெம்போவில் முன்னரே போயிருந்ததால் காசிமும் மெஹராஜும் கோவண்டிக்கு பஸ்ஸில் ஏறினார்கள். மெஹராஜ் ஏறும்போது வலது கையைப் பின்னால் நீட்டியபடி ஏறி, படியில் ஒரு நொடி நின்று, பின்னால் ஆள் ஏறியதும் நகர்ந்தாள். கடைசியிலிருந்த நீளச் சீட்டில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். காசிம் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தான். கண்டக்டர் மெஷினோடு வந்து எத்தனை என்று கேட்டார்.

எங்கள் சந்தில் அவனைத் தெரிந்தவர்கள் யாராவது அந்த பஸ்ஸில் இருந்திருந்தால், அவன் இரண்டு என்றுதான் சொல்வான் என்று பந்தயம் கட்டியிருப்பார்கள். அவன் நடுவிலிருந்த இடத்தைப் பார்த்தான். மெஹராஜின் மடங்கிய விரல்களைப் பார்த்தான்.

"தீன்" என்றான்.

கண்டக்டர் சீட்டைப் பார்த்தார். "ஏக் ஹாஃப் க்யா?" அரை டிக்கெட் ஒன்றா என்று கேட்டார்.

"நஹீ. தீனோ ஃபுல்." பதினெட்டு வயதாகிவிட்டது என்று ஹிந்தியில் சொன்னான்.

கண்டக்டர் மூன்று டிக்கெட் அடித்துக் கொடுத்தார். காசிம் அதில் ஒன்றைத் தனியாக எடுத்து நீட்டினான். மெஹராஜ் விரல்களைக் கொஞ்சம் தளர்த்தினாள்; டிக்கெட் உள்ளே போனது; விரல்கள் மூடின. சயானில் கூட்டம் ஏறியது. இரண்டு பைகளோடு வந்த ஒருவர் அந்த இடத்தில் உட்காரப் போனவர், "அச்சா, பைட்டீ ஹை", ஓ, உட்கார்ந்திருக்கிறாளா, என்று சொல்லிவிட்டு மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டார். கோவண்டி வரை நின்றுகொண்டே வந்தார்.